பள்ளிப் பிள்ளைக்கு உடம்பு வேண்டாமா?

நம் நாட்டில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்புகிற தாய் தகப்பன்மார் எல்லோரும் பிள்ளை முழுவதையும் அனுப்புவதாகவே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடமோ பிள்ளையின் தலையை மாத்திரம் உள்ளே ஏற்றுக்கொண்டு, கழுத்துக்குக் கீழே உள்ளதை வாசற்படியிலேயே நிறுத்திவிடுகிறது. தலைக்குப் பாடம், தலைக்குப் பரீட்சை, தலைக்கு மார்க்கு. மற்ற அங்கங்கள் எல்லாம் அந்தத் தலையைத் தூக்கிக்கொண்டு போய் வருகிற சுமைகூலிகள் என்பதே நம்மவர்களின் எண்ணம். சுமைகூலிக்காவது சாயங்காலத்தில் கூலி உண்டு. இந்தத் தேகத்திற்கு அதுவும் கிடையாது.

சேலம் ஜங்ஷன் இருக்கிற சூரமங்கலத்தில் நமக்குப் பல வருஷமாகப் பழக்கமான ஒரு குடும்பம் உண்டு. தகப்பனார் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறவர்; நம் கூட்டம் எதற்கும் தவறாமல் வந்து முன் வரிசையில் உட்காருகிறவர். அவருடைய மகள் எட்டாவது வகுப்பு. ஓட்டப் பந்தயத்தில் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த பெண். சென்ற வருஷம் அவள் பெரிய பெண் ஆனாள். அன்றோடு பாட்டியம்மாள் ஓட்டத்தை நிறுத்திவிட்டார். நாலு மாதம் கழிந்தது. பெண் நாளுக்கு நாள் வெளுத்துப் போய், ஒரு நாள் காலை பிரேயரில் நின்றபடியே மயங்கி விழுந்தாள்.

வீட்டார் செய்த முதல் காரியம், மந்திரித்துத் தாயத்துக் கட்டியது. இரண்டாவது காரியம், எலுமிச்சம்பழத்தைத் தலையைச் சுற்றி முச்சந்தியில் நசுக்கியது. இவ்விரண்டுக்கும் காசு செலவழித்து, இரண்டும் பலிக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் காசில்லாமல் பார்க்கிற சர்க்கார் ஆஸ்பத்திரி ஞாபகத்துக்கு வந்தது. அங்கே ஒரு சொட்டு ரத்தத்தை எடுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு, வயிற்றில் பூச்சி என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அதே மாத்திரையைப் பள்ளிக்கூடத்திலேயே இனாமாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. வாரம் ஒன்று என்று கொடுத்த அந்த நீல மாத்திரையைத் தின்றால் மலம் கறுப்பாகப் போகிறதென்று பயந்து, பாட்டியம்மாள் அதை அலமாரியில் விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். இரும்புச் சத்து உள்ளே போனால் மலம் கறுக்கத்தான் செய்யும். அதனால் ஒரு கெடுதியும் இல்லை. இதை அந்த அம்மாளுக்கு எடுத்துச் சொல்ல அந்தத் தெருவில் ஒரு ஆள் இல்லை. தாயத்துக் கட்ட மட்டும் நாலு ஆள் இருந்தார்கள்.

நாம் அந்தத் தோழரைக் கேட்டோம்: "உடம்பு தேறிவிட்டதே, பெண்ணை மறுபடியும் ஓட விடுவீர்களா?" அவர் சொன்னார்: "ஓட்டம் என்னங்கண்ணா சோறா போடப்போவுது? டிரில் பீரியடுலயும் இப்போ கணக்குத்தான் நடத்துறாங்களாம். அதுவும் நல்லதுதானுங்களே!"

நம் கூட்டத்தில் கைதட்டுகிறவரே இப்படிப் பேசினால் மற்றவர்களை என்னவென்று சொல்வது? அவர் ஒருவரைக் குறை சொல்லியும் பயனில்லை. இந்தப் புத்தி அவருடைய சொந்தப் புத்தி அல்ல. உடம்பு அழுக்கு, உடம்பு பொய், உடம்பு மாயை, உள்ளே இருக்கிற ஆத்மாதான் மெய் என்று ஆயிரக்கணக்கான வருஷமாகக் கதை கேட்டு வளர்ந்த நாடு இது. அந்தக் கதையைச் சொன்னவர்கள் யாராவது தங்கள் உடம்புக்கு நெய்யும் பருப்பும் குறைத்துக்கொண்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. உடம்பை இழிவென்று சொன்னால், உடம்பால் உழைக்கிறவனையும் இழிவென்று சொல்லிவிடலாம் அல்லவா? அதற்காகத்தான் அந்தத் தத்துவமே தவிர வேறெதற்கும் அல்ல. உழைப்பு கீழ்ச்சாதிக்கு, உட்கார்ந்து ஓதுவது மேல்சாதிக்கு என்று வருணாசிரமம் பிரித்து வைத்தது. இன்று நம் பிள்ளைகளும் படிக்க வந்துவிட்டார்கள். வந்தவர்கள் ஓதுகிறவனுடைய நாற்காலியைப் பிடிக்கிற ஆசையில் அவனுடைய திமிரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்கள். வியர்வை வந்தால் கௌரவம் போய்விடும் என்கிற எண்ணம் மண்வெட்டி பிடித்த வீட்டிலேயே புகுந்துவிட்டது.

உழைப்பைத் தலையில் கட்டினார்களே, பயிற்சியையாவது கொடுத்தார்களா என்றால் அதுவும் இல்லை. ஏகலைவன் கதையை நம் ஜனங்கள் இன்றும் குருபக்திக்கு உதாரணமாகப் பேசுகிறார்கள். காட்டு வேடன் பிள்ளை. சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்று துரத்தப்பட்டவன். தானே பழகித் தேறினான். தேறியதற்குத் தண்டனையாகக் கட்டைவிரலை வாங்கிக்கொண்டார் துரோணாச்சாரியார். கதை நடந்ததா இல்லையா என்று நாம் விசாரிக்கப் போவதில்லை. நடக்காத கதையையும் எந்த நோக்கத்தோடு கட்டினார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது. ஆனால் நம் சர்க்காரின் காரியத்தைப் பாருங்கள். இந்தியாவில் சிறந்த விளையாட்டுப் பயிற்சியாளருக்கு 1985 முதல் ஒரு விருது கொடுக்கிறார்கள். அதற்கு யார் பெயர் தெரியுமா? துரோணாச்சாரியார் பெயர்! சீடனின் விரலை வெட்டி வாங்கியவன் பெயரில் பயிற்சியாளருக்குப் பரிசு! ஊரில் திருடனுக்குக் காவல்காரன் பட்டம் கட்டினால் சிரிக்கிறோம். இதற்கு மட்டும் எழுந்து நின்று கைதட்டுகிறோம்.

"எங்கள் பிள்ளைகள் தண்ணீர் சுமக்கிறார்கள், மாடு பிடிக்கிறார்கள், தறியில் ஒத்தாசை செய்கிறார்கள், இதைவிட என்ன தேகப்பயிற்சி?" என்று கிராமத்துத் தோழர்கள் கேட்கலாம். கேட்கவும் செய்கிறார்கள். வேலை வேறு, பயிற்சி வேறு. கொலுசுப் பட்டறையில் இருபது வருஷம் குனிந்து உட்கார்ந்தவருடைய முதுகைப் பாருங்கள். தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவருடைய முழங்காலைப் பாருங்கள். வேலை உடம்பில் தனக்கு வேண்டிய இடத்தை மட்டும் உபயோகித்துத் தேய்த்துவிடுகிறது. பயிற்சி அப்படியல்ல, ஓடுவதும் குதிப்பதும் தாவுவதும் பந்தெறிவதும் நெஞ்சையும் மூச்சையும் எலும்பையும் ஒருசேர வளர்க்கிறது. எலும்பு பலப்படுகிற வயசு பிள்ளை வயசுதான். அதைத் தவறவிட்டு, நாற்பதில் சர்க்கரை வியாதி வந்து, டாக்டர் நடக்கச் சொன்னார் என்று விடியற்காலையில் மூச்சிரைக்க நடக்கிறவர்களைக் கண்டால் நமக்குப் பரிதாபமாக இருக்கிறது. நாமும் அந்தக் கூட்டத்தில் ஒருவராய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

5 வயது முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் தினமும் சராசரி 60 நிமிஷமாவது மூச்சு வாங்க ஓடி ஆடவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. அந்த ஸ்தாபனத்தார் 146 தேசங்களின் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய விவரங்களைச் சேர்த்து 2019-ல் வெளியிட்டார்கள். 11 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 81 பேருக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைப்பதில்லை. ஆண் பிள்ளைகளில் 78, பெண் பிள்ளைகளில் 85. ஆகவே இது உலகம் முழுவதும் உள்ள வியாதிதான். ஆனால் மற்ற நாட்டான் இதை வியாதி என்று ஒப்புக்கொண்டு மருந்து தேடுகிறான். நாமோ இதையே படிப்பு என்று சொல்லிப் பணம் கட்டுகிறோம்.

பணம் கட்டுவது என்றதும் நாமக்கல் பக்கத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. நாமக்கல் முட்டைக்குப் பேர்போன ஊர். அங்கேயும் ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்திலும் ஹாஸ்டலோடு கூடிய பள்ளிக்கூடங்கள் ஏராளமாய் எழுந்து, மார்க்கு வாங்கித் தருவதில் தமிழ்நாடு முழுவதும் பேர் எடுத்தன. அவற்றுக்கு "பிராய்லர் பள்ளிக்கூடம்" என்று பேர் வைத்தது நாமல்ல, ஜனங்கள். கோழிக்குக் கூண்டில் இறக்கை விரிக்க இடம் கிடையாது. விளக்கு வெளிச்சமும் தீனியும் மட்டும் தவறாது. பிள்ளைக்கும் அப்படியே விடியுமுன் எழுப்பிப் படிப்பு, ராத்திரி பத்து மணி தாண்டிப் படிப்பு, பதினோராம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடம். இந்தக் கொள்ளையைத் தடுப்பதற்காகவே சர்க்கார் 2017-ல் ரேங்க் வெளியிடுவதை நிறுத்தியது. 2017-18-ல் பதினோராம் வகுப்புக்கும் பொதுப் பரீட்சை வைத்தது. எல்லாப் பள்ளிக்கூடமும் ஒன்று என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் விளையாட்டு மைதானத்தின் படத்தை விளம்பரத்தில் போட்டுவிட்டு, பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளை அந்த மைதானத்தில் கால் வைக்க விடாத இடம் எத்தனை என்று அங்கே பிள்ளையைச் சேர்த்தவர்களையே கேட்டுப் பாருங்கள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் தூக்கம் வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஆறு மணி நேரம் தூங்கவிட்டுப் பாக்கி இரண்டு மணி நேரத்தைத் திருடிக்கொள்கிறவனுக்கு நாம் வருஷத்துக்கு லட்ச ரூபாய் கூலியும் கொடுக்கிறோம்.

தனியார் பள்ளிக்கூடத்தை மாத்திரம் ஏன் சொல்லவேண்டும்? டிரில் பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வதும், வாங்கிய கடனைத் திருப்பாமல் போவதும் ஊரெங்கும் உள்ள பழக்கம். 2023-ல் விளையாட்டுத் துறை மந்திரியே பொது மேடையில் நின்று, கணக்கு, விஞ்ஞான வாத்தியார்கள் விளையாட்டுப் பீரியடைக் கடன் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. மந்திரி வாய்விட்டுக் கேட்கிற அளவுக்குத் திருட்டு பகிரங்கமாக நடக்கிறது என்பதுதானே இதன் அர்த்தம்? 2009-ல் செய்த கட்டாயக் கல்விச் சட்டம் பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு மைதானம் இருக்கவேண்டும் என்கிறது. ஆறாவது முதல் எட்டாவது வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் தேகப்பயிற்சிக்கும் சுகாதாரப் பாடத்திற்கும் பகுதி நேர ஆசிரியராவது வேண்டும் என்கிறது. சட்டம் புஸ்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. மைதானத்தில் பல இடங்களில் சீமைக்கருவேல் இருக்கிறது.

இத்தனைக்கும் நம் நாட்டில் இதற்கு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. 1920-ல் சென்னையில் இரண்டு காரியங்கள் நடந்தன. பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை நகரசபை, ஆயிரம்விளக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு அணாவுக்கு மேற்படாமல் மத்தியானச் சோறு போட ஏற்பாடு செய்தது. அதே வருஷத்தில் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னை ஒய்.எம்.சி.ஏ.வில் தேகப்பயிற்சி ஆசிரியர்களைப் பழக்கும் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாக் கண்டத்திலேயே அதுதான் முதலாவது என்கிறார்கள். சோறு வளர்ந்தது. காமராஜர் காலத்தில் மத்தியான உணவாகி, 1982-ல் சத்துணவாகி, முட்டை சேர்ந்து, 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. சோறு போட்டால் பிள்ளை படிக்கும் என்பதை ஒரு நூற்றாண்டில் சர்க்காருக்கும் ஜனங்களுக்கும் புரியவைத்துவிட்டோம். அந்தச் சோறு ரத்தமாகவும் சதையாகவும் ஆவதற்கு ஓட்டமும் வேண்டும் என்பது மட்டும் இன்னும் புரியவில்லை.

டிரில் மாஸ்டர் என்றால் விசில் ஊதிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்துகிற ஆள் என்று நினைக்கிறவர்கள் நம் சேலம் ஜில்லாவிலேயே இருக்கிற பெரியவடகம்பட்டியைப் பார்க்கட்டும். அந்த ஊர் மாரியப்பன் தங்கவேலுவுக்கு ஐந்து வயதிருக்கும்போது, பள்ளிக்கூடம் போகிற வழியில் பஸ் ஏறி வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப் போயிற்று. தாயார் காய்கறி விற்றுப் பிள்ளை வளர்த்தவர். "முற்பிறவிப் பாவம்" என்று சொல்ல நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? பஸ் ஏறியதற்கு முற்பிறவி என்ன செய்யும் என்று நாம் கேட்டால் நம்மை நாஸ்திகன் என்பார்கள். அந்தப் பையனிடத்தில் பாவத்தைப் பார்க்காமல் தாவுகிற சக்தியைப் பார்த்தவர் ஒரு பள்ளிக்கூடத் தேகப்பயிற்சி ஆசிரியர். 2016-ல் ரியோ நகரத்துப் பாராலிம்பிக் பந்தயத்தில் மாரியப்பன் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். 2021-ல் டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். அந்தப் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு டிரில் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

எல்லாப் பிள்ளையும் மெடல் வாங்கவேண்டும் என்பதல்ல நம் பேச்சு. மெடல் வாங்குகிறவன் லட்சத்தில் ஒருவன். மயங்கி விழாமல் பிரேயரில் நிற்பதற்கு எல்லோருக்கும் உடம்பு வேண்டும்.

இனி சுத்தம் என்கிற விஷயம். சுத்தத்தைப் பற்றி நம் நாட்டாரைப் போல் பேசியவர்கள் உலகத்தில் கிடையாது. மடி, ஆசாரம், தீட்டு, தீண்டல், முழுக்கு என்று எத்தனை வார்த்தைகள்! இன்னொருவன் நிழல் பட்டால் முழுக்குப் போட்ட நாட்டில், கக்கூசுக்குப் போய் வந்து சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பதை மட்டும் நாம் பெரிதாக எண்ணவில்லை. 1847-ல் வியன்னா ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்கப் போகாதீர்கள், மருந்துத் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டுப் போங்கள் என்று மற்ற டாக்டர்களுக்குச் சொன்னார். பிரசவ ஜன்னியில் சாகிற தாய்மார்களின் எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது. அவரையும் அக்காலத்துப் பெரிய மனிதர்கள் பரிகாசம்தான் செய்தார்கள். கையில் உள்ள அழுக்கு சாதி பார்த்து ஒட்டுவதில்லை. கங்கா ஜலத்துக்கும் பயப்படுவதில்லை. சோப்புக்குத்தான் பயப்படும்.

பூச்சி விஷயமும் அப்படியே. கொக்கிப்புழு என்று ஒன்று இருக்கிறது. வெளியில் மலம் கழித்த மண்ணில் அதன் முட்டை பொரிந்து, செருப்பில்லாத காலைத் துளைத்து உள்ளே ஏறி, குடலைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கிறது. பிள்ளை வெளுக்கும், சோறு பிடிக்காது, படிப்பில் தூங்கும். இதைத்தான் நம்மவர்கள் "கண் பட்டுவிட்டது" என்கிறார்கள். கண் பட்டது வாஸ்தவம்தான். வாத்தியார் கண்ணும் டாக்டர் கண்ணும் பட்டிருந்தால் பிழைத்திருக்கும். 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் என்று ஒரு நாளை வைத்து, 19 வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை இனாமாகக் கொடுக்கிறார்கள். செருப்பு, கக்கூசு, சோப்பு, இந்த மாத்திரை, இவை நாலும் சேர்ந்தால் பேயோட்டுகிறவன் வேறு பிழைப்புத் தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

தின்பண்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிக்கூட வாசலில் சரம் சரமாகத் தொங்குகிற பாக்கெட்டுகளில் உப்பும் எண்ணெயும் மாவும் தவிர வேறொன்றும் இல்லை. தட்டுவடை செட்டு தின்கிற பிள்ளைக்குக் காரட்டும் பீட்ரூட்டுமாவது கொஞ்சம் உள்ளே போகிறது. வேர்க்கடலையும் கம்பும் ராகியும் விளைகிற ஜில்லாவில் பிள்ளைக்குப் பாக்கெட்டைக் கொடுத்து, அதுதான் நாகரிகம் என்று நினைப்பதற்கு எந்தச் சாஸ்திரத்தைக் குறை சொல்வதென்று நமக்கே தெரியவில்லை.

கடைசியாகப் பெண் பிள்ளைகள் சங்கதி. இதைக் கடைசியில் வைத்ததே தப்பு என்று எழுதும்போது தோன்றுகிறது. மாதவிலக்கு என்பது தேகம் சரியாக வளர்கிறதற்கு அடையாளம். அதைத் தீட்டாக்கி மூலையில் உட்கார வைத்து, அத்தோடு விளையாட்டையும் நிறுத்திவிடுகிறோம். ரத்தம் அதிகம் தேவைப்படுகிற வயசில் சத்துள்ளதைக் கொடுப்பதும் குறைவு. கறியும் முட்டையும் முதலில் அண்ணன் தம்பிக்கு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21-ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கு சொல்கிறது. இவர்கள் பெறுகிற பிள்ளை எப்படியிருக்கும்? ஓடினால் கருப்பை இறங்கிவிடும், குதித்தால் கல்யாணம் ஆகாது என்று சொல்கிற பாட்டிமார்களைக் கேட்கிறோம்: நாற்று நடவும் செங்கல் சூளையில் கல் சுமக்கவும் அதே வயதுப் பெண்ணை அனுப்பினீர்களே, அப்போது கருப்பை எங்கே போயிருந்தது? கூலிக்குச் சுமக்கலாம், சந்தோஷத்துக்கு ஓடக்கூடாது என்பதுதானே இந்தச் சட்டம்? பெண்களுக்கும் ஆண்களைப் போலவே ஓட்டமும் தாண்டுதலும் குஸ்தியும் பழக்கவேண்டும் என்று பெரியார் சொன்னபோது சிரித்தவர்களின் பேத்திகள் இன்று போலீசில் சேர ஓட்டப் பரீட்சைக்கு மூச்சுப் பழகுகிறார்கள். எட்டாவது வகுப்பில் நிறுத்திய ஓட்டத்தை இருபது வயதில் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

தோழர்கள் செய்யவேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை. சர்க்கார் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கவேண்டும். அதில் முக்கால் பங்குப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். சட்டம் கொடுத்த நாற்காலி அது. அதில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டு வராமல், சென்ற மாதம் டிரில் பீரியடு எத்தனை நடந்தது, எத்தனையைக் கணக்கும் இங்கிலீஷும் தின்றன, பெண் பிள்ளைகள் எத்தனை பேர் மைதானத்தில் இறங்கினார்கள், கக்கூசில் தண்ணீரும் சோப்பும் உண்டா என்று கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். தனியார் பள்ளிக்கூடத்தில் பணம் கட்டுகிறவர்கள் ரசீதோடு இந்தக் கணக்கையும் கேட்கலாம். கேட்டால் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள்.

சூரமங்கலத்துத் தோழர் வீட்டுக்குச் சென்ற வாரம் மறுபடியும் போயிருந்தோம். பெண் மாத்திரையை ஒழுங்காகத் தின்கிறாள். முகத்தில் ரத்தம் ஏறியிருக்கிறது. தாயத்து இன்னும் கையில்தான் இருக்கிறது. குணமானது அதனால்தான் என்று பாட்டியம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கோப்பை பரண்மேல் ஏறிவிட்டது. "அடுத்த கூட்டத்துல டிரில் பீரியடைப் பத்திக் கேக்கறனுங்கண்ணா" என்று தோழர் சொன்னார். பெண் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் கேட்டாரா இல்லையா என்பதை அடுத்த மாதம் நாமே போய்ப் பார்த்து இந்தப் பத்திரிகையில் எழுதுவோம்.